நுரை வெளுக்கும் வரை

செக்கர் தண்ணீரை மூடிவிட்டார் என்று தெரிந்த நேரத்தில் சுருட்டையின் தலை முழுக்க மருந்து பூசியிருந்தது.

மருந்து என்றால் நோய்க்குப் போடுகிற மருந்து இல்லை. சுருண்ட முடியை நீட்டிவிடுகிற மருந்து. வெள்ளை வெளேரென்று, லேசான சுண்ணாம்பு வாடையோடு ஒரு டப்பாவில் வருவது. அதைப் பூசிக் கால் மணி நேரம் வைக்க வேண்டும். அதற்கு மேல் ஒரு நிமிஷம்கூடக் கூடாது. பிறகு ஓடுகிற தண்ணீரில் அலசி, காரத்தை முறிக்கிற ஷாம்புவைப் போட்டுத் திரும்பத் திரும்பக் கழுவி, கடைசியில் கண்டிஷனர் தடவி ஊற வைக்க வேண்டும். பூசுவதற்குத் தண்ணீர் வேண்டாம். மற்ற எல்லாவற்றுக்கும் தண்ணீர் வேண்டும், அதுவும் கொஞ்ச நஞ்சமல்ல. இதை முழுசாகத் தெரிந்துகொண்டுதான் செக்கர் வால்வை மூடினார் என்பதே சுருட்டையின் கட்சி. எனக்கும் அதில் சந்தேகமில்லை.

சுருட்டை என்பது அவள் பெயரல்ல. ஐந்து வயதில் யாரோ அப்படிக் கூப்பிட, ஐம்பத்திரண்டு வயதிலும் அதுவே நிலைத்துவிட்டது. சொந்தப் பெயர் அடையாள அட்டையில் தூங்கிக்கொண்டிருந்தது. அடர்ந்த, முரட்டு முடி. வருஷத்துக்கு நாலு சீப்பின் பல்லையாவது உடைக்கும். எதிர்த் தெரு லாண்டரியில் முப்பது வருஷமாகத் துணி அலசுகிற பகுதி அவள் பொறுப்பு. அங்கே நீராவி பட்டுப் பட்டு மத்தியானத்துக்குள் தலை இரண்டு மடங்காக உப்பிவிடும். நல்ல முடிதான், அதை அவளே மறுத்ததில்லை. ஆனால் முதுகில் நீளமாக விழுந்து நடக்கும்போது ஆடுகிற முடி தனக்கு வேண்டும் என்று பன்னிரண்டு வயதில் ஆசைப்பட்டாள். அந்த ஆசை போகவே இல்லை. அம்மா எண்ணெயை அப்பி இறுக்கிப் பின்னினாள். புருஷன் சீப்பை ஒளித்து வைத்துக் கேலி செய்தான். பிறகு பிள்ளை, பிறகு புருஷனுக்கு நோய், பிறகு அவன் இல்லாத மூன்று வருஷம். ஆசையை எடுத்து வெளியே வைக்க நேரமே வாய்க்கவில்லை.

போன மாதம் மருமகளின் போனில் யாரோ ஒருத்தி வீட்டிலேயே முடியை நீட்டிக்கொள்கிற வீடியோ ஓடியது. சுருட்டை அதை நாலு தடவை பார்த்தாள்.

"உங்க முடிக்கு என்ன அத்தை குறை? இந்த மாதிரி சுருளுக்கு ஊர்ப் பொண்ணுங்க ஏங்குறாங்க" என்றாள் மருமகள். சுருட்டையின் மகன் லாரி ஓட்டுகிறவன், மாதத்தில் பாதி நாள் வழியில் இருப்பான். வீட்டில் இந்த இரண்டு பெண்களும்தான்.

"அவங்க ஏங்கட்டும். நான் நாப்பது வருஷமா நீட்டு முடிக்கு ஏங்குறேன். ஊர்த் துணிச் சுருக்கத்தையெல்லாம் எடுத்துக் குடுத்தாச்சு. என் சுருக்கத்த நான் எடுத்துக்கக் கூடாதா?"

"எடுத்துக்கோங்க. யார் வேணாம்னா?"

வேண்டாம் என்று சொல்ல ஆள் மாடியிலேயே இருந்தார். செக்கர் சுருட்டையின் கொழுந்தன், புருஷனின் தம்பி. பஸ்ஸில் பயணச்சீட்டுப் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலை போனாலும் பழக்கம் போகவில்லை. படியில் யார் ஏறினாலும் இறங்கினாலும், எங்கே, எதற்கு, எப்போது திரும்புவாய் என்று கேட்டுவிட்டுத்தான் விடுவார். அண்ணன் போன பிறகு வீட்டுக்குத் தலைவர் பதவியைத் தாமே எடுத்துக்கொண்டார். அதற்கு அடையாளமாக மொட்டை மாடித் தொட்டியின் வால்வுக்கு ஒரு பூட்டைப் போட்டுச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். தனிக்கட்டை என்பதால் சாப்பாடு மட்டும் அண்ணி வீட்டில். அந்தச் சாப்பாட்டின்போதுதான் விஷயம் அவர் காதுக்குப் போனது.

"எதுக்கு அண்ணி இது?" என்றார், சோற்றில் கை வைத்தபடி.

"முடி நீட்டிக்கிறதுக்கு."

"அது தெரியுது. எதுக்குன்னு கேக்குறேன். ஏதாவது விசேஷமா?"

"இல்ல."

"டாக்டர் சொன்னாரா?"

"இல்ல தம்பி. குழம்பு ஊத்தட்டுமா?"

"குழம்பு இருக்கட்டும். அண்ணன் இருந்தா இதெல்லாம் பண்ணுவீங்களா?"

"அவர் இருந்தா அவரே பூசி விட்டிருப்பாரு, அரைகுறையா."

மருமகள் சிரிப்பை அடக்க முடியாமல் தண்ணீர் எடுக்கிற சாக்கில் எழுந்து போனாள். செக்கருக்குச் சிரிப்பு வரவில்லை.

"நாலு பேரு என்ன சொல்லுவாங்க? ஒரு காரணம் சொல்லுங்க, நான் ஒத்துக்குறேன். காரணமே இல்லாம இந்த வயசுல அலங்காரம்னா, இந்த வீட்டுத் தண்ணி அதுக்கு வராது. சொல்லிட்டேன்."

மனுஷன் வாய் அப்படித்தான், வெறும் சத்தம் என்று இரண்டு பெண்களும் நினைத்துவிட்டார்கள். முதல் தப்பு அது.

இரண்டாவது தப்பு சுருட்டை தனியாகச் செய்தது. அவளைத் தவிர வேறு யாரும் செய்திருக்க மாட்டார்கள்.

மருந்து போடுகிற அன்று லாண்டரிக்கு லீவு சொல்லியிருந்தாள். காலையிலேயே வெயில் ஏறிவிட்டது. சன்னல் கம்பியைத் தொட்டால் சுட்டது. குளியலறையில் முக்காலி போட்டு அவளை உட்கார வைத்து, நெற்றி விளிம்பிலும் காது மடலிலும் மருந்து படாமலிருக்க ஜெல்லி தடவி, கையுறையை மாட்டிக்கொண்டு, பின்கழுத்திலிருந்து வகிடு வகிடாகப் பிரித்து மருமகள் பூசத் தொடங்கினாள். நிதானமான கை. வேர் தொடாமல், மயிர்க்காலுக்கு ஒரு விரல் தள்ளி, நன்றாகவே பூசினாள். மருந்தோடு வந்த காகிதம் கண்ணாடியில் ஒட்டியிருந்தது. ஒவ்வொரு வரியையும் அவள் முந்தின நாளே வாசித்துக் காட்டியிருந்தாள்.

ஏழாவது நிமிஷம் சுருட்டை நெளிந்தாள்.

"என்ன அத்தை?"

"ஒண்ணுமில்ல. கொஞ்சம் சுறுசுறுங்குது."

"சுறுசுறுக்கக் கூடாதே. கால் மணி வரைக்கும் ஒண்ணும் தெரியாதுன்னுதானே போட்டிருக்கான்? தலையச் சொறிஞ்சீங்களா?"

"நான் ஏன் சொறியறேன்?"

"தலைக்குக் குளிச்சீங்களா?"

சுருட்டை கண்ணாடியில் ஒட்டியிருந்த காகிதத்தைப் பார்த்தாள்.

"அத்தை!"

"விடியறதுக்கு முன்னாடி லேசா ஒரு அலசு…"

"போடுறதுக்கு முந்தி மூணு நாளைக்குத் தலையில தண்ணியே படக் கூடாதுன்னு படிச்சேனே! எண்ணெய்ப் பசை இருந்தாத்தான் தோலைக் காப்பாத்தும்னு ரெண்டு தடவை படிச்சேன்!"

"அழுக்குத் தலையில எப்படிடி மருந்து போடுறது? முப்பது வருஷத்துல அழுக்குத் துணியை நான் மருந்துல போட்டதே இல்ல. மனசு கேக்கல, சோப்புப் போட்டு நல்லாத் தேய்ச்சுட்டேன்."

லாண்டரிக்காரியிடம் வேறென்ன எதிர்பார்ப்பது? கறை எடுக்கிற மருந்தோ, நீலமோ, கஞ்சியோ, எதுவானாலும் துணி சுத்தமான பிறகுதான். கைக்குப் பழகிய அந்த ஒழுங்கு தலைக்கும் வந்துவிட்டது. அந்தச் சுறுசுறு எரிச்சலானது. எரிச்சல் பின்கழுத்தில் தொடங்கி உச்சிக்கு ஏறியது.

"கழுவிடலாம் அத்தை, இப்பவே" என்று மருமகள் குழாயைத் திருகினாள். குழாய் ஒரு தடவை இருமியது. ஒரு கை தண்ணீர் விழுந்தது. பிறகு காற்று வந்தது. பிறகு அதுவும் இல்லை.

ஒரு வாளி பிடித்து வைத்திருந்தார்கள். அதை ஊற்றினார்கள். எரிச்சல் ஒரு நிமிஷம் அடங்கி மறுபடி எழுந்தது. பாதி மருந்து தலையிலேயே வழுக்கிக்கொண்டு நின்றது. மருமகள் கையுறையைக்கூடக் கழற்றாமல் மாடிக்கு ஓடினாள். சுருட்டை பல்லைக் கடித்துக்கொண்டு எண்ணிக்கொண்டிருந்தாள். நாற்பதுக்குள் மருமகள் திரும்பி வந்தாள்.

"அண்ணி மேல வரட்டும்கிறாரு. வந்து, எதுக்குன்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லட்டும், உடனே திறக்குறேன்கிறாரு. எரியுது சித்தப்பான்னு சொன்னேன். எரியுதுன்னு அவங்களே வந்து சொல்லட்டும்கிறாரு. சாவியைக் கையிலேயே வச்சுக்கிட்டு நிக்கிறாரு அத்தை!"

மேலே போக எட்டுப் படி. எட்டுப் படி ஏறி, ஏதாவது ஒரு காரணத்தைச் சொன்னால் போதும். பொடுகு என்று சொல்லலாம், டாக்டர் என்று சொல்லலாம், தெரியாமல் செய்துவிட்டேன் தம்பி என்று சொன்னால் இன்னும் சந்தோஷப்படுவார். தலை போகிற அவசரத்தில் யாராக இருந்தாலும் ஏறியிருப்பார்கள். சுருட்டை ஏறவில்லை. இன்றைக்குத் தலைக்குக் காரணம் சொன்னால் நாளைக்குச் செருப்புக்குச் சொல்ல வேண்டும், நாளை மறுநாள் சிரிப்புக்குச் சொல்ல வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"அந்த ஷாம்புவையும் கண்டிஷனரையும் எடு. காகிதத்தை எடு. துண்டை எடு" என்றாள்.

"எங்க அத்தை?"

"தண்ணி இருக்கிற இடத்துக்கு."

கீழே பதினெட்டுப் படி. பிறகு ஒரு தெரு. காலைக் கடைத்தெரு, ஆட்களால் நிறைந்திருந்தது. வெள்ளையாகப் பூசிய தலையோடு, ரவிக்கை முதுகெல்லாம் நனைந்து, ஐம்பத்திரண்டு வயதுக்காரி அதன் நடுவில் வேகமாக நடந்தாள். ஓடவில்லை. ஓடினால் கண்ணில் வழியும். பின்னால் நீல நிறக் கையுறையோடு மருமகள். டீக்கடைக்காரர் ஆற்றிக்கொண்டிருந்த டீயை டம்ளருக்கு வெளியே ஊற்றினார். "சுருட்டை அக்கா, என்னாச்சு?" என்று ஒருத்தி கேட்டாள். "வழி விடு, அதுதான் ஆச்சு" என்றாள் சுருட்டை.

லாண்டரியில் விடுதி விரிப்புகள் வந்து குவிந்திருந்த நேரம். இயந்திரங்கள் கடகடவென்று சுற்றின. பாய்லரைப் பார்த்துக்கொள்கிற பெரியவரை எல்லோரும் பாய்லர் என்றே கூப்பிடுவார்கள். அவர்தான் முதலில் பார்த்தார்.

"என்னம்மா, லீவுன்னு சொன்ன?"

"லீவுதான். வெதுவெதுன்னு தண்ணி விடுங்க. சூடு வேணாம், எரியுது."

அவர் ஒன்றும் கேட்கவில்லை. லாண்டரியில் மேலே மருந்து பட்டவர்களுக்கு முதலில் தண்ணீர், பிறகுதான் கேள்வி. அலசுகிற தொட்டியின் ரப்பர் குழாயை இழுத்து, வெந்நீரையும் பச்சைத் தண்ணீரையும் கலந்து, தன் மணிக்கட்டில் விட்டுப் பார்த்துவிட்டுக் கொடுத்தார். சுருட்டை தொட்டி விளிம்பைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். தண்ணீர் விழுந்தது. அவள் வாயிலிருந்து ஒரு நீண்ட மூச்சு வந்தது. அப்போதுதான் அவள் கண்ணில் நீர் வந்தது, அது எரிச்சலுக்கு மட்டும் வந்ததல்ல.

ஐந்து நிமிஷம் வெறும் தண்ணீர். மருமகள் நெற்றி, காது மடலுக்குப் பின்னால், பின்கழுத்து என்று விரல் நுனியால் தேடித் தேடி வழித்தாள். இதற்குள் கறை எடுக்கிற பெண் தன் மேசையை விட்டு வந்துவிட்டாள். கறைக்காரி என்றுதான் அவளுக்குப் பெயர். எந்தத் துணியில் எந்தக் கறை என்று முகர்ந்தே சொல்லிவிடுவாள்.

"காரமா? புளிப்புத் தண்ணி இருக்கு அக்கா. விரிப்புக்கு ஊத்துவோமே, அதையே ஒரு சொம்பு ஊத்தினா முறிஞ்சிடும்."

"உன் விரிப்பா நான்? வாயை மூடு. மருந்தோட வந்த ஷாம்புதான். நீ போடுடி."

மருமகள் ஷாம்புவை ஊற்றித் தேய்த்தாள். நுரை எழுந்தது. எழுந்த நுரையைப் பார்த்து அவள் கையை உதறிக்கொண்டு பின்வாங்கினாள்.

"அத்தை, ரத்தம்!"

"ரத்தமில்ல" என்று கறைக்காரி எட்டிப் பார்த்தாள். "ரோஸ். நாம சொட்டு விட்டுப் பாக்குற மருந்து மாதிரியே இருக்கு அக்கா! சோடா மிச்சம் இருந்தா அலசின தண்ணி ரோஸாகுமே, அது!"

காகிதத்திலும் அதுதான் போட்டிருந்தது. நுரை ரோஸாக வந்தால் காரம் இன்னும் முடியில் இருக்கிறது. வெள்ளையாக வரும்வரை கழுவ வேண்டும். வீட்டில் வாசித்தபோது இரண்டு பேரும் அதைக் காதில் வாங்கவில்லை. இங்கே அதை யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. மடிப்புப் பகுதியிலிருந்து இரண்டு பெண்கள் வந்தார்கள், இயந்திரத்தை நிறுத்திவிட்டு ஒருத்தி வந்தாள். அலசின துணியில் காரம் நின்றால் என்ன ஆகும் என்று அவர்கள் எல்லோருக்கும் தெரியும். மஞ்சளாகும், இழை தளரும், நாலாவது வெளுப்பில் கையோடு கிழிந்து வரும்.

இரண்டாவது கழுவலில் நுரை செம்பருத்தி நிறத்திலிருந்து இறங்கியது. மூன்றாவதில் இன்னும் இறங்கியது. மூன்று மூன்று நிமிஷம் நுரையைத் தலையிலேயே நிற்க விட்டுத்தான் அலசினார்கள். சுருட்டைக்கு இடுப்பு விட்டுப் போனது. அப்போது செக்கர் வந்து சேர்ந்தார்.

வாசலிலேயே நின்றார். பெண்கள் கூட்டத்தைப் பார்த்து உள்ளே வரக் கூச்சம். வெளியே நிற்கவும் முடியவில்லை, தெருவே அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"அண்ணி, தண்ணி திறந்துட்டேன். வாங்க வீட்டுக்கு."

"வேலை முடியல தம்பி."

"தெருவெல்லாம் சிரிக்குது. மானம் போகுது."

"யார் மானம்? எரிஞ்சது என் தலை."

"போதும் அத்தை" என்று மருமகள் குரலைத் தாழ்த்தினாள். மாமனார் முறைக்காரரை எதிரில் கண்டதும் அவள் ஷாம்புவை மூடப் போனாள். "கிட்டத்தட்ட வெள்ளையாயிடுச்சு. மீதிய வீட்டுல போய்ப் பாத்துக்கலாமே."

"ரோஸ் இருக்கா இல்லையா?"

"லேசா. சும்மா ஓரத்துல."

"அப்ப போதாது. இன்னொரு தடவை போடு."

"அண்ணி, நான் சொல்றதக் கேளுங்க."

"நீங்க அங்கேயே நில்லுங்க தம்பி. ஈரத் தரை, வழுக்கும்."

நாலாவது நுரையைக் கறைக்காரி உள்ளங்கையில் அள்ளி வெளிச்சத்துக்குக் கொண்டுபோனாள். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். விரிப்புக்குப் பார்ப்பதைவிடக் கவனமாகவே பார்த்தாள்.

"வெளுத்துடுச்சு அக்கா. சுத்தமா வெள்ளை."

பாய்லர் ஒரு துண்டை எடுத்து நீட்டினார். சுருட்டை நிமிர்ந்தாள். இடுப்பில் கை ஊன்றி, ஒரு சுற்றுச் சுற்றி எல்லோர் முகத்தையும் பார்த்தாள். பிறகு மருமகளிடம், "கண்டிஷனர் எவ்வளவு நேரம்?" என்று கேட்டாள்.

"பத்து நிமிஷம்."

"அரை நிமிஷம் குறையக் கூடாது."

சோப்புத்தூள் பீப்பாய் ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்தாள், வாசலுக்கு நேராக, செக்கருக்கு நேராக. மருமகள் கண்டிஷனரை நுனியிலிருந்து மேலே தடவி விரலால் சிக்கெடுத்தாள். பாய்லர் டீ கொண்டு வந்தார். சுருட்டை தலை நிறையக் கண்டிஷனரோடு டீயை ஊதி ஊதிக் குடித்தாள். செக்கர் அவள் குடிப்பதையே பார்த்துக்கொண்டு நின்றார். கடைசியில் அவர் குரல் இறங்கியது.

"ஒரே ஒரு காரணம் சொல்லியிருந்தா நான் மூடியே இருக்க மாட்டேன் அண்ணி. அவ்வளவு பெரிய கேள்வியா அது?"

"காரணம் இருந்தா சொல்ல மாட்டேனா? ஆசை தம்பி. அவ்வளவுதான். வியாதின்னா ஒத்துக்குவீங்க, பேரப்பிள்ளைக்குன்னா ஒத்துக்குவீங்க, செத்தவருக்குன்னா ஒத்துக்குவீங்க. எனக்கு ஆசைன்னா மட்டும் ஏன் உங்களுக்கு வயித்தக் கலக்குது?"

"இந்த வயசுல…"

"இந்த வயசுலதான் நேரம் கிடைச்சுது. பன்னெண்டு வயசுல நீங்க எங்க தண்ணி பிடிச்சு வச்சிருந்தீங்க எனக்கு?"

கறைக்காரி வாயைப் பொத்திக்கொண்டாள். செக்கர் பதில் தேடினார். சட்டைப் பையைக்கூடத் தொட்டுப் பார்த்தார், அங்கே இருந்தால் எடுத்துவிடலாம் என்கிற மாதிரி. எனக்கு அவர்மேல் கொஞ்சம் இரக்கம்கூட வருகிறது. கெட்ட மனுஷன் இல்லை. பிறர் பயணத்தைச் சோதித்தே காலத்தைக் கழித்துவிட்டார்.

பத்து நிமிஷம் முடிந்து, அலசி, துண்டால் ஒற்றி, அகலப் பல் சீப்பால் நுனியிலிருந்து வாரினார்கள். எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். நீளமாகத்தான் விழுந்தது. ஆனால் முழுசாக நீளவில்லை. பாதி நேரத்தில் கழுவ வேண்டியதாகிவிட்டதால் மருந்து பாதி வேலைதான் செய்திருந்தது. முன்பக்கம் நேராக, பின்பக்கம் அலை அலையாக, உச்சியில் இரண்டு கொத்து பிடிவாதமாகச் சுருண்டே நின்றன. நெற்றி விளிம்பில் ஒரு சிவந்த கோடு, காதுக்குப் பின்னால் ஒரு புண். மருமகளுக்கு அழுகை வந்துவிட்டது.

செக்கருக்கு உயிர் வந்தது. "பாத்தீங்களா? இவ்வளவு ஆர்ப்பாட்டம் பண்ணியும் பாதிதான் நீண்டிருக்கு."

சுருட்டை உலர்த்தும் இயந்திரத்தின் வட்டக் கண்ணாடியில் தன்னைப் பார்த்தாள். தலையை இந்தப் பக்கம் திருப்பினாள், அந்தப் பக்கம் திருப்பினாள். முடி முதுகில் ஒரு தடவை ஆடி நின்றது. மறுபடி ஆட்டினாள். முகம் மலர்ந்தது. மறைக்கவே இல்லை.

"புண்ணு ஆறட்டும்" என்று மருமகளிடம் சொன்னாள். "அடுத்தது எப்பப் போடலாம்னு போட்டிருக்கு?"

மூக்கை உறிஞ்சிக்கொண்டே மருமகள் காகிதத்தைப் பிரித்தாள். "எட்டு வாரம்."

"சரி. அதுக்கு முந்தி மூணு நாள் தலைக்குக் குளிக்க மாட்டேன். என் கையைக் கட்டியாவது போடு."

முடியை விரித்தபடியே புறப்பட்டாள். கறைக்காரி நீட்டிய கிளிப்பை வேண்டாம் என்றாள். செக்கர் அவர்களுக்கு முன்னால், இவர்கள் யாரோ எவரோ என்கிற மாதிரி எட்டிப் போட்டு நடந்தார்.

"தம்பி, மெதுவா போங்க. சேர்ந்தே போவோம்" என்று தெருவுக்கே கேட்கக் கூப்பிட்டாள். அண்ணி கூப்பிட்ட பிறகு நிற்காமல் போக அவரால் முடியவில்லை. நின்றார். அவள் அவர் பக்கத்தில் வந்து, அவர் நடைக்குத் தன் நடையைச் சேர்த்துக்கொண்டாள். ஈர முடி வெயிலில் கிடந்தது.

"என்ன செக்கர், என்ன விஷயம்?" என்று டீக்கடைக்காரர் கேட்டார். கடையில் இருந்த ஏழெட்டுப் பேரும் திரும்பினார்கள்.

"ஒண்ணுமில்ல" என்றாள் சுருட்டை. "எட்டு வாரம் கழிச்சு எனக்கு இன்னொரு தடவை தண்ணி வேணும். எதுக்குன்னு கேக்காம தருவாரான்னு கேட்டுக்கிட்டிருக்கேன். தருவீங்களா தம்பி?"

செக்கர் டீக்கடையைப் பார்த்தார், தரையைப் பார்த்தார், மருமகளைப் பார்த்தார். மருமகள் கையுறையைக் கழற்றாத கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவரையே பார்த்தாள்.

"தருவேன்" என்றார், உதடு மட்டும் அசைய.

"கேக்கல தம்பி" என்றாள் சுருட்டை. "சத்தமா."